இடுப்புக் கயிற்றில் முடிச்சா, கிராப்பா?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஹெல்மெட் வேறு நிறத்தில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். இரண்டாம் நாள், ஹார்னஸ் மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் முகத்தில் கொஞ்சம் தொழிலின் களை வந்துவிடும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, லேன்யார்டுக்கு முடிச்சு நல்லதா, கிராப் நல்லதா?" என்று கேட்பீர்கள். இதுவரை சேர்ந்தவர்களில் இந்த வரிசையை மாற்றியவர் ஒருவரும் இல்லை.

வலது தோள்பட்டை என்னை மரத்திலிருந்து இறக்கிவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கேட்காமலே ஆலோசனை சொல்வதுதான் இப்போது என் முழுநேர வேலை. நீங்களோ வாயைத் திறந்து கேட்டே விட்டீர்கள். அதனால் சுருக்கமாக முடிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதலில், இன்னும் மரத்தையே தொடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே ஒரு கவட்டையில் மாட்டியிருக்கும் பெரிய கயிறு, அதாவது மேல்கயிறு, நீங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும். லேன்யார்டு என்பது ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டையின் ஒரு பக்க வளையத்தில் தொடங்கி, மரத்தைச் சுற்றி வந்து, மறுபக்க வளையத்தில் முடிகிற குட்டைக் கயிறு. அதில் சாய்ந்தால்தான் இரண்டு கையும் ரம்பத்துக்குக் கிடைக்கும். அந்தக் குட்டைக் கயிற்றை நீட்டவும் குறுக்கவும் ஒரு பிடி வேண்டும். மெல்லிய கயிற்றால் நாலைந்து சுற்று சுற்றிப் போட்ட முடிச்சு ஒரு வகைப் பிடி. அதைக் கையால் தளர்த்தினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகும். உலோகத்தில் செய்த கிராப் இன்னொரு வகை. லிவரை அழுத்தினால் கயிற்றை விடும், லிவரை விட்டால் கயிற்றைக் கடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த அவ்வளவுக்காகத்தான் நானும் இம்தியாஸும் மூன்று வருஷம் சண்டை போட்டோம்.

நான் இந்தத் தொழிலுக்கு நேராக வந்தவன் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் பதினொரு வருஷம் இருந்தேன். ஒருநாள் கம்பெனி வளாகத்து மரங்களைக் கழிக்க ஒரு குழு வந்தது. அதற்குத் தலைமை ஒரு பெண். சாப்பாட்டு இடைவேளையில் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் கீழே இறங்கி வந்து, "சோத்துல எறும்பு ஏறுது பாரு. சும்மா பாத்துட்டே இருக்கறதுக்கு, வந்து ஏறிப் பாக்கறியா?" என்றார். அவரைத்தான் நாங்கள் அக்கா என்போம். ஏலகிரிக்காரர். அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்குப் பாறையில் கயிறு போட்டு இறங்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். பிறகு பெங்களூரில் மரமேறும் பயிற்சி எடுத்து வந்து எங்கள் ஐந்து பேர் குழுவைத் தொடங்கினார். அவருடைய பெயரை எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவார். அதனால் இங்கேயும் அக்காதான்.

முதலில் என்னுடைய அசட்டுத்தனம். அதைச் சொன்னால்தான் மற்றவர்களுடையதைச் சொல்ல எனக்கு உரிமை வரும்.

ஷூ தயாரிக்கும் ஊரில் கயிற்றுக்கும் வாருக்கும் பஞ்சம் கிடையாது. கம்பெனிகளுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்றில், கறுப்பும் சிவப்புமாகப் பின்னிய நைலான் கயிற்றுச் சுருளைப் பார்த்தேன். பாம்பு மாதிரி மினுமினுவென்று இருந்தது. "இது லேடீஸ் செருப்புக்கு வர்றதுப்பா" என்றார் கடைக்காரர். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அக்கா கொடுத்திருந்த மங்கிப்போன முடிச்சுக் கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இந்த அழகுக் கயிற்றால் லேன்யார்டில் முடிச்சுப் போட்டேன். தரையில் நின்று இழுத்துப் பார்த்தேன். பிடித்தது. போதும் என்று நினைத்தேன்.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு மதில் ஓரம் நின்ற தைலமரம். பாதி உயரத்தில் சாய்ந்தேன். முடிச்சு பிடிக்கவில்லை. ஒரு கை நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்ப் பிறகு நின்றது. அதற்குள் என் முகவாய் மரத்தில் தேய்ந்துவிட்டது. மேல்கயிறு இருந்ததால் விழவில்லை. இறங்கி வந்ததும் அக்கா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா செல்வா, மரத்துக்கு முத்தம் குடுத்துட்டு வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து அந்த முடிச்சின் மேல் வைத்தார். சுற்றுகளின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இறுகியிருந்தது.

"உருகியிருக்குது பாத்தியா? அந்த ஒரு இழுப்புலயே உருகிடுச்சு. முடிச்சு தனியா எதையும் புடிக்காதுப்பா. எந்தக் கயிறு மேல எந்தக் கயிறு, எத்தினி சுத்து, எவ்ளோ வெயிட்டு, ஈரமா காஞ்சதா, எல்லாம் சேர்ந்துதான் புடிக்குது."

அன்றிலிருந்து நான் முடிச்சுப் பைத்தியம் ஆனேன். சூடு தாங்கும் சரியான கயிறு வாங்கி, ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள என் உடம்புக்கு ஏற்றபடி சுற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, கடைசியில் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தேன். எனக்கு அது தாலாட்டுத் தொட்டில். உலகத்தில் இதைவிடச் சிறந்த பிடி கிடையாது என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். அதுதான் இரண்டாவது அசட்டுத்தனம். முதலாவதைவிடப் பெரியது.

இம்தியாஸ் எங்கள் குழுவில் என் ஜோடி. தொண்ணூறு கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கிளையில் பூனை மாதிரி நடப்பான். அவனுடைய மச்சான் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை ஜெர்மனிக்குப் போய் வருவார். ஒருநாள் காலையில் வேனில் ஏறும்போதே இம்தியாஸ், "தோஸ்த், மச்சான் வந்துட்டாரு, எனக்குப் புது கிராப்!" என்றான். நான் அவன் தலையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கிராப் என்றால் சலூனில் வெட்டுவது. முடி அப்படியே இருந்தது. அவன் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஒரு சாமானை எடுத்துக் காட்டினான்.

நல்ல சாமான்தான். அன்றைக்கு நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு விரலால் அழுத்தினால் நீளும், கயிற்றின் வாலை இழுத்தால் குறுகும். நான் இரண்டு கையாலும் முடிச்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் அடுத்த கிளைக்குப் போயிருப்பான். போகிற போக்கில், "இன்னா தோஸ்த், அங்க பூ கட்டினு இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

எனக்கும் காலம் வந்தது. ஆற்காட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஆலமரம். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்தது. பாலும் மரத்தூளும் சேர்ந்து அவன் கிராப்பின் உள்ளே பசையாகி, லிவர் அழுத்தினால் திரும்பி வரவில்லை. பாதி மரத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். "கிராப்புக்கு எண்ணெ வெச்சி சீவுடா, படிஞ்சிடும்" என்று நான் பக்கத்துக் கிளையிலிருந்து சத்தம் போட்டேன். கீழே இருந்தவர்கள் சாயங்காலம் வரை அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

இப்படியே மூன்று வருஷம். வேனில், சாப்பாட்டில், டீக்கடையில், எங்கே உட்கார்ந்தாலும் முடிச்சா கிராப்பா. மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அக்காவுக்குப் பேஜாராகிவிட்டது.

இனி நான் சொல்லப்போவதற்கு நீங்கள் சிரிக்க வேண்டியதில்லை.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. எந்தக் கம்பெனி என்பது உங்களுக்கு வேண்டாம். வளாகத்துக்குள் மிகப் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கனத்த கிளை ஒன்று ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு மேலாக நீண்டு, நடுவில் விரிசல் விட்டிருந்தது. வேலை விட்டு ஐந்தரைக்குப் பெண்கள் வந்து வண்டி எடுப்பார்கள். அதற்குள் கிளையைத் துண்டு துண்டாக இறக்கிவிட வேண்டும் என்பது பேச்சு.

காலையில் நாங்கள் ஹார்னஸ் மாட்டும்போதே வழக்கமான சண்டை ஆரம்பித்துவிட்டது. அக்கா கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் கழட்டுங்க. இன்னிக்கு அவன்து நீ கட்டு. உன்து அவன் கட்டட்டும். சாயங்காலம் இறங்கி வந்து பேசுங்க. அதுவரிக்கும் ஒருத்தன் வாயத் தெறக்கக் கூடாது."

எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. லேன்யார்டை மாற்றிக் கட்டிக்கொண்டோம். என் முடிச்சு அவன் இடுப்பில், அவன் கிராப் என் இடுப்பில்.

மதியத்துக்கு மேல் தூறல் போட்டு நின்றது. மூன்று மணிக்கு மறுபடி ஏறினோம். நான் தாய்மரத்துக்குப் பக்கத்தில் சின்னக் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இம்தியாஸ் அந்தக் கனத்த கிளையில் வெளியே நடந்து போய், என் லேன்யார்டைக் கிளையைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்து, அறுத்துக்கொண்டிருந்தான். ஐந்து மணி வாக்கில் துண்டு விட்டது. நுனி நேராகக் கீழே போகாமல், அடியிலிருந்த இன்னொரு கிளையில் ஊன்றிக்கொள்ள, வெட்டுப்பட்ட முனை எகிறித் திரும்பி வந்தது. கட்டையில் கட்டை மோதுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகுதான் அது அவன் கை என்று புரிந்தது.

கால் தவறி, கிளைக்குக் கீழே தொங்கினான். வலது கை முழங்கைக்குக் கீழே வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. முழுப் பாரத்தையும் என் லேன்யார்டு தாங்கிக்கொண்டிருந்தது. கீழே, தகரக் கொட்டகைக்கு மேலாக இருபத்தைந்து அடி.

நான் அவனிடம் போகக் கிளம்பினேன். என் கை வழக்கம்போல இடுப்பில் முடிச்சைத் தேடியது. அங்கே உலோகம் இருந்தது. பதற்றத்தில் லிவரை முழுசாக அழுத்திவிட்டேன். சரேலென்று பின்னால் சரிந்தேன். லிவரை விட்டதும் நின்றது. காலையிலிருந்து ஐந்து மணி நேரம் அந்தச் சாமானோடு இருந்திருக்கிறேன். ஆனால் அவசரத்தில் என் கைக்கு அது யாரோ. ஒரு மூச்சு விட்டு, பார்த்துப் பார்த்து அழுத்தி, கிளையின் மேல் ஊர்ந்து அவன் இருந்த இடத்துக்குப் போனேன்.

"தோஸ்த், கை போச்சுடா."

"எங்கயும் போவல. ஒட்டிட்டுதான் இருக்குது."

"உன் முடிச்சு நகர மாட்டேங்குது. ஒத்தக் கையில எப்டிடா இத அவுக்கற?"

நான் அதை ஒற்றைக் கையால் அவிழ்த்ததே இல்லை. மொத்தப் பாரமும் தொங்கும்போது அவிழ்த்ததும் இல்லை. அந்த நிலைமை எனக்கு வந்ததில்லை, வந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவைக்கவும் இல்லை. குனிந்து தொட்டேன். என் ஐம்பத்தெட்டு கிலோவுக்குப் பார்த்துப் பார்த்துச் சுற்றிய முடிச்சு, ஈரத்திலும் அவன் தொண்ணூறு கிலோவிலும் கல்லாகிவிட்டிருந்தது. இதுவே அவன் கிராப்பாக இருந்திருந்தால், இடது கை விரலால் லிவரை அழுத்தி லேன்யார்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, மேல்கயிற்றுக்கு மாறியிருப்பான். அது என் இடுப்பில் இருந்தது.

"கால் மரத்துப் போவுதுடா" என்றான். குரல் இறங்கிவிட்டது. ஹார்னஸில் அசையாமல் தொங்குகிற ஆளை அதிக நேரம் விடக் கூடாது. தொடைப் பட்டை ரத்தத்தை நிறுத்திவிடும், மயங்கினால் ஆபத்து. பயிற்சியில் இதைக் கேட்டபோது நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். நீங்களும் விட்டீர்கள், நான் பார்த்தேன்.

"அறுத்துடு" என்றான் இம்தியாஸ். "மேல்கயிறு இருக்குதுல்ல. அது புடிச்சிக்கும். அறுத்துடு தோஸ்த்."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மேல்கயிறு அதற்குத்தானே இருக்கிறது? என் கை தொடையில் செருகியிருந்த ரம்பத்துக்குப் போனது. பாதி வெளியே எடுத்துவிட்டேன்.

"செல்வா! ரம்பத்த விடு!"

அக்கா குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. கீழே முற்றத்தின் நடுவில், அண்ணாந்து, இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு நின்றார்.

"அவன் தலைக்கு மேல பாரு. மேல்கயிறு எங்க போயி மாட்டியிருக்குதுன்னு பாரு!"

பார்த்தேன். அவன் கிளையில் வெளியே நடந்து வந்தபோது, மேல்கயிறு வழியிலிருந்த ஓர் ஒடிந்த குச்சிமுனையில் மாட்டி, அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு வளையமாகத் தொய்ந்திருந்தது. தலையைச் சாய்த்துப் பார்க்கும்வரை இலைகள் அதை மறைத்திருந்தன. லேன்யார்டை அறுத்திருந்தால், அந்தத் தொய்வு முழுவதும் விழுந்து, குச்சிமுனையையும் ஒடித்துக்கொண்டு, அவன் தாய்மரத்தில் போய் மோதியிருப்பான். உடைந்த கையோடு.

ரம்பத்தை உறையில் தள்ளினேன். இரண்டு முறை குறி தவறி, மூன்றாம் முறைதான் உள்ளே போனது.

"மொதல்ல கயித்த எடுத்து விடு" என்றார் அக்கா. குரல் இப்போது பழையபடி இறங்கியிருந்தது. கடையில் காய் கேட்கிற மாதிரி. "அப்பறம் அவன் காலுக்கு ஒரு வளையம் குடு. அவன நீ தூக்க முடியாது. அவன்தான் எழுந்து நிக்கணும்."

கையை நீட்டிக் கயிற்றைக் குச்சிமுனையிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் மேல்கயிற்றின் பிடியை நான் மேலே தள்ள, அக்கா கீழிருந்து வாலை இழுத்தார். தொய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கயிறு அவன் மார்புக்கு நேராக நிமிர்ந்தது. பிறகு என்னிடமிருந்த பட்டை வளையங்களைக் கோத்துக் கிளையைச் சுற்றிப் போட்டு, சைக்கிள் பெடல் மாதிரி அவன் காலுக்குத் தொங்கவிட்டேன். அவனுடைய ஷூவைப் பிடித்து நானே அதில் நுழைத்தேன்.

"எழுந்து நில்லு."

"முடில."

"ஒரு தடவ. ஒரு சாண் எழுந்தா போதும்."

"முடிலடா. கால் இருக்குதான்னே தெரில."

அவன் கண்கள் செருக ஆரம்பித்திருந்தன. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உன் கிராப் நல்லாத்தான்டா இருக்குது. வெண்ணெ மாதிரி ஓடுது. இனிமே நான் குடுக்க மாட்டேன். நானே வெச்சிக்கறேன். நீ பாட்டுக்கு இங்கயே தொங்கினு இரு."

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு உருதுவில் என் பரம்பரை முழுவதையும் விசாரித்தான். விசாரித்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் கிளையைப் பிடித்து எழுந்து நின்றான். ஒரு சாண்தான். லேன்யார்டில் பாரம் இறங்கியது. அக்கா மேல்கயிற்றின் மிச்சத் தொய்வையும் இழுத்தார். நான் இரண்டு கட்டைவிரலாலும் முடிச்சின் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முதல் சுற்று அசையவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைத் தள்ளும்போது அந்தக் கல் மறுபடி கயிறானது.

லேன்யார்டைக் கழற்றினேன். அவன் மேல்கயிற்றில் உட்கார்ந்தான். அது பிடித்தது. அவனுடைய பிடியை நான் இயக்க, இருவரும் தோளோடு தோள் உரச இறங்கி வந்தோம்.

அதற்குள் வேலை விட்டிருந்தது. வண்டி எடுக்க வந்த பெண்கள் கொட்டகைக்கு இந்தப் பக்கமே, கயிறு கட்டி மறித்த இடத்தில், வரிசையாக நின்றிருந்தார்கள். அவன் கால் தரையைத் தொட்டதும் ஒரு பெண் மறிப்புக் கயிற்றைத் தாண்டி வந்து, தன் துப்பட்டாவை எடுத்து, அவன் கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டினார். எங்களில் யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

வேலூருக்கு அனுப்ப வண்டி வருவதற்குள் கம்பெனி அதிகாரி ஒருவர் பேப்பரும் பேனாவுமாக வந்துவிட்டார்.

"யாரோட தப்பு இது? டிரெயினிங் இல்லாத ஆளையா மேல ஏத்துனீங்க?"

"அவன் தப்பு இல்ல சார்" என்றார் அக்கா. "காலைல நான்தான் ரெண்டு பேரையும் கயிறு மாத்திக் கட்டச் சொன்னேன். பழகாத சாமான உயரத்துல குடுத்தது நான். எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கம்பெனி எங்களை மறுபடி கூப்பிடவில்லை. அதைக் கேள்விப்பட்டு வேறு இரண்டு கம்பெனிகளும் கூப்பிடவில்லை.

வேனில் திரும்பும்போது எனக்குக் கோபம். "ஏன்க்கா அப்டி சொன்னீங்க? கிளை அடிச்சுடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல. அதானே நடந்துது?"

"கை ஒடஞ்சது கிளையால. ஒடஞ்ச கையோட இறங்க முடியாம தொங்குனது என்னால" என்றார்.

மறுநாள் நான் என் லேன்யார்டை எடுத்துக்கொண்டு எங்கள் சாமான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். முழங்கால் உயரத்தில் ஒரு கட்டையில் மாட்டி, நானே முழுசாகத் தொங்கி, இடது கையால் மட்டும் அவிழ்த்துப் பார்த்தேன். முடியவில்லை. மூன்று வருஷம் ஊரெல்லாம் பெருமை பேசிய முடிச்சு. கயிற்றை மாற்றினேன், சுற்றைக் குறைத்தேன், நனைத்துப் பார்த்தேன், முடிச்சைத் தள்ளிக்கொடுக்கச் சின்னக் கப்பி வைத்தேன். குழுவில் இருந்த எல்லோரையும் தொங்கவைத்தேன். எட்டு நாள் ஆயிற்று, ஒற்றைக் கையால் அது இறங்கிவர.

அந்த எட்டு நாளில் கடைசி மூன்று நாள் இம்தியாஸும் வந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீதிபதி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். "ஜாஸ்தி சுத்து. கம்மி பண்ணு" என்று தீர்ப்பு வேறு. அவனைச் சும்மா விடலாமா? அவன் கிராப்பை அதே கட்டையில் மாட்டி, கட்டையில் புடைத்திருந்த ஒரு முண்டில் லிவர் போய் அழுந்துகிற மாதிரி சாய்ந்து காட்டினேன். லிவர் அழுந்தியது, கயிறு ஓடியது, நான் பொத்தென்று உட்கார்ந்தேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மூன்று வருஷம் அதைக் கட்டிக்கொண்டு மரமேறியிருக்கிறான், இதைப் பார்த்ததில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில். பால் வடியும் மரம், முண்டும் முடிச்சுமான மரம் என்றால் நான் முடிச்சுக்காரன். நாள் முழுக்க நீட்டிக் குறுக்கி நீட்டிக் குறுக்கிச் செய்கிற வேலை என்றால், கடைசி வருஷங்களில் நானே கிராப் போட்டேன். இம்தியாஸின் கண் படாத இடமாகப் பார்த்து. அவன் நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது, அதனால் அவன் கிராப்தான். எதை வாங்கினாலும் சரி, முதலில் முழங்கால் உயரத்தில் தொங்குங்கள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நனைத்துப் பாருங்கள், முண்டில் அழுத்திப் பாருங்கள். உங்களைவிடக் கனமானவரைத் தொங்கச் சொல்லுங்கள். அப்புறம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நானே எடுத்துத் தருகிறேன்.

என் கடைசி வேலை நாளில் குடியாத்தம் பக்கம் ஒரு புளியமரம். வேலை முடிந்து, ஒருவன் மட்டும் இன்னும் மேலே இருந்தான், மற்றவர்கள் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் வேனின் பின்பலகையில் உட்கார்ந்து டீ குடித்தோம். இம்தியாஸ் தொங்கிய நாளைப் பற்றி அவர் எப்போதும் பேசமாட்டார். அன்றைக்கு அவராகவே கேட்டார்.

"அன்னிக்கு நான் கத்தலன்னா, அறுத்திருப்ப இல்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "அறுத்திருப்பேன்க்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கிளாஸில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

"மேல நான் இருந்திருந்தா, நானும் அறுத்திருப்பேன்டா" என்றார். "அங்கேர்ந்து பாத்தா கயிறு மாட்டியிருக்கறது தெரியாது."

சொல்லிவிட்டு இறங்கி, மரத்தடிக்குப் போய், கடைசியாக இறங்கிக்கொண்டிருந்த ஆளை அண்ணாந்து பார்த்தபடி, அவன் கால் தரையைத் தொடும்வரை அங்கேயே நின்றார்.